சுவரைத் தட்டிப் பார்த்த அக்கா

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து, வாசலில் இரண்டு துவாரபாலகர்களைக் காவலுக்கு நிறுத்தி, ஒரு கோயில் செய்திருக்கிறான் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சமாசாரம். செய்ததோடு நில்லாமல் கல்வெட்டும் பொறித்து வைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இந்த நாலும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த ஆலயம் இது என்று அதில் பெருமையோடு சொல்லிக் கொள்கிறான்.

போன தை மாதம் என் அக்காவோடும் அத்தானோடும் அந்தக் குகையைப் பார்த்தேன். உண்மையில் நாங்கள் புறப்பட்டது கோயில் பார்க்க அல்ல. செஞ்சிப் பக்கம் புதிதாகக் கட்டி விலைக்கு நிற்கும் ஒரு மாடி வீட்டைப் பார்க்க. அத்தான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கையில் கொஞ்சம் பணம் வந்திருந்தது. மீதிக்குப் பாங்கிக் கடன்.

வீடு கண்ணைப் பறித்தது. வெளியே இளம்பச்சை வர்ணம், உள்ளே முகம் பார்க்கலாம் போன்ற தரை. அத்தான் மனசுக்குள் கிருகப்பிரவேசப் பத்திரிகையையே அச்சடித்து விட்டார். அக்கா மட்டும் சுவரை விரலால் தட்டிக் கொண்டே நடந்தாள்.

"ஏண்டா, அந்த ராஜா வேண்டாமென்று தள்ளின நாலு சாமானையும் வைத்துத்தானே இதைக் கட்டியிருக்கிறார்கள்? நாலும் ஒழுங்காக இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?"

"பாங்கி என்ஜினீயர் பார்த்தாச்சே!" என்றார் அத்தான்.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம். பாங்கி அனுப்புகிறவர், கொடுக்கிற கடனுக்கு வீடு ஈடாகுமா என்று மதிப்புப் போட வருகிறவர். குளியலறையில் தண்ணீர் வாட்டமாக ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. வக்கீல் பத்திரத்தைப் பார்க்கிறார். வரைபடத்துக்கு அனுமதி தருகிற அலுவலகம் காகிதத்தைப் பார்க்கிறது. சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கும் உண்டு. ஆக, எல்லோரும் யாருக்காகவோ பார்க்கிறார்கள். குடியிருக்கப் போகிறவளுக்காகப் பார்க்க ஓர் ஆள் இல்லை! சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி சரிந்து 61 உயிர்களைக் குடித்த பதினோரு மாடிக் கட்டடம்கூட அனுமதி பெற்றதுதான்.

அக்காவின் பிடிவாதத்தால், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் என்ஜினீயரைக் கூலி பேசி அழைத்துப் போனோம். ஏதோ பெரிய யந்திரங்களோடு வருவார் என்று எண்ணினேன். ஒரு ரசமட்டம், தூக்குக் குண்டு, டார்ச் விளக்கு, ஓர் ஐந்து ரூபாய் நாணயம். இவ்வளவுதான் கொண்டு வந்தார். வாளியை மட்டும் அங்கேயே கேட்டு வாங்கிக் கொண்டார்.

மொட்டை மாடியில் நாலு வாளித் தண்ணீரைக் கொட்டினார். மழைநீர்க் குழாயை நோக்கி ஓட வேண்டிய தண்ணீர், சாவகாசமாக மாடிப்படி அறையின் மூலைக்குப் போய்த் தேங்கிக் கொண்டது. "ஒரு மழைக்காலம் போதும், கீழே சுவர் ஓதம் காக்கும்" என்றார். குளியலறைத் தரையை நாணயத்தால் தட்டினார். சில இடத்தில் 'டங்', சில இடத்தில் 'பொத்'. பொத்தென்ற இடத்தில் டைல்ஸுக்கு அடியில் சாந்து பிடிக்கவில்லை. மாடிக் குளியலறையின் நீர்ப்போக்கை அடைத்து ஒரு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று மறுநாள் வந்து பார்த்தார்.

சுவரில் மயிரிழை போல் சிலந்தி வலைக் கீறல்கள் இருந்தன. நான் பயந்தேன். அவர் பயப்படவில்லை. பூச்சு உலரும்போது சுருங்குவதாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, போகப் போக அகலமாகிற விரிசல்தான் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டிய விஷயமாம். கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் இன்னும் கூடுதலாக, என்றும் சொன்னார். ஊற்றினார்களா என்று வர்ணம் அடித்த பிறகு யார் கண்டது? அதனால் வாங்குகிறவர்கள், முடிந்தால், பூச்சுக்கு முன்பே ஒரு தடவை பார்த்து விட வேண்டும்.

மரக் கதவுகள் நன்றாகவே இருந்தன. கடைசியில்தான் குண்டு வெடித்தது. சமையலறை பிளக்கில் சோதித்துப் பார்த்தால் எர்த் இணைப்பே இல்லை! மூன்று துளைகள் அழகாக இருந்தன. மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி எங்கேயும் போகவில்லை. மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்து விடும் சிறு கருவியும் வைக்கவில்லை.

"ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறவர் நீங்களா, நானா?" என்று அக்கா கேட்டாள். அத்தான் வாய் திறக்கவில்லை.

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் குறை தெரிந்து சொன்னால், கட்டியவர் முப்பது நாளில் இலவசமாகச் சரி செய்து தர வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டுவதையும், எட்டு வீடுகளுக்கு மேற்படாததையும் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எங்கள் வீடு அந்த ரகம். ஆகவே என்ஜினீயரின் அறிக்கையை விற்பவர் முன் வைத்து, குறைகளை எழுதி, ஒரு வருஷத்துக்குள் ஓதமோ ஒழுக்கோ கண்டால் அவர் செலவில் சரி செய்வதாகவும் ஒப்பந்தத்திலேயே சேர்த்தோம்.

"என்னை நம்பவில்லையா, அம்மா?" என்று அவர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தத்தோடேயே மாடித் தளத்தின் வாட்டத்தைத் திருத்தினார், எர்த் போட்டார், கருவியையும் வைத்தார். டைல்ஸைப் பெயர்க்க மட்டும் சம்மதிக்கவில்லை. அந்தச் செலவை அக்கா விலையில் கழித்துக் கொண்டாள். பாக்கித் தொகை அதற்குப் பிறகுதான் கை மாறியது.

கார்த்திகை அடைமழையில் பின்னறைச் சுவரில் கையகலத்துக்கு ஈரம் தெரிந்தது. அக்கா உடனே அதைப் போட்டோ எடுத்து, தேதியும் போட்டு, ஒப்பந்தத்தின் நகலோடு விற்றவருக்கு அனுப்பினாள். மறுநாள் மழை விட்டதும் மேஸ்திரி வந்து விட்டார்.