கற்களைச் சேர்க்கும் விளையாட்டில் செலவாவது எது?

பேருந்தில் போகும்போதோ பலதுறை மருந்தகத்தில் எண்ணுக்காகக் காத்திருக்கும்போதோ, ஒரே நிறக் கற்கள் மூன்றை வரிசையாகச் சேர்க்கும் கைப்பேசி விளையாட்டை நீங்களும் ஆடியிருக்கலாம். இவற்றில் ஒரு வகை, சண்டை விளையாட்டு. கற்களைச் சேர்த்தால் உங்கள் வீரர்கள் எதிரியைத் தாக்குவார்கள். ஆடுவதில் தவறில்லை. திரையின் மேற்பகுதியில் இதயம், மின்னல், வைரம் எனச் சில சின்னங்களும் அவற்றின் பக்கத்தில் எண்களும் இருக்கும். அவை எதைக் கணக்கிடுகின்றன என்று தெரிந்துகொண்டு ஆடுங்கள். பணப்பைக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது.

சண்டைக்குள் சேரும் சக்தி

2007ஆம் ஆண்டில் வந்த ‘பஸில் குவெஸ்ட்’ இந்த வகையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு நிறக் கற்கள் உண்டு. சிவப்புக் கற்களைச் சேர்த்தால் சிவப்பு ‘மானா’ கிடைக்கும். போதிய மானா சேர்ந்ததும் ஒரு மந்திரத்தை ஏவலாம். (மானா என்பது பசிபிக் தீவு மொழிகளிலிருந்து வந்த சொல். தமிழில் ‘ஆற்றல்’ என்று எழுதினால், பின்னால் வரும் வேறோர் ஆற்றலோடு குழப்பிவிடும். அதனால் இங்கு அப்படியே விட்டிருக்கிறோம்.) மண்டை ஓடுகளைச் சேர்த்தால் எதிரிக்கு நேராக அடி விழும். நான்கு கற்களைச் சேர்த்தால் இன்னொரு முறை ஆடலாம். எதிரியும் அதே பலகையில்தான் ஆடுவார். எனவே உங்களுக்குத் தேவையில்லாத நீலக் கற்களைக்கூட, அவருக்குக் கிடைக்காமல் செய்ய நீங்கள் எடுத்துவிடலாம். பல்லாங்குழியில் எதிராளியின் அடுத்த குழியைப் பார்த்துக் காய் போடுவது போன்ற யோசனைதான் இது.

2012இல் ஜப்பானில் வெளியான ‘பஸில் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் நெருப்பு, நீர், மரம், ஒளி, இருள் என ஐந்து வகை உருண்டைகள். ஆறாவது இதயம். அதைச் சேர்த்தால் அடிவாங்கிய அணியின் உடல்பலம் ஏறும். பின்லாந்தில் உருவான ‘எம்பயர்ஸ் அண்ட் பஸில்ஸ்’ விளையாட்டில், எந்த நிறத்தைச் சேர்க்கிறீர்களோ அந்த நிற வீரருக்கு மானா நிரம்பும். நிரம்பியதும் அவர் படத்தைத் தட்டினால் சிறப்புத் தாக்குதல் கிளம்பும்.

இந்தச் சக்திக்கெல்லாம் நீங்கள் காசு கொடுப்பதில்லை. யோசித்து நகர்த்தினால் கிடைக்கும், சண்டை முடிந்ததும் காலியாகிவிடும். விளையாட்டின் சுவை முழுவதும் இங்குதான் இருக்கிறது.

சண்டைக்கு வெளியே காத்திருக்கும் கணக்கு

‘பஸில் குவெஸ்ட்’ ஒரு விலைக்கு விற்கப்பட்ட விளையாட்டு. வாங்கியவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். இப்போது கைப்பேசியில் இலவசமாகப் பதிவிறக்கும் விளையாட்டுகள் அப்படியல்ல. சண்டைக்குள் நுழையவே ‘ஆற்றல்’ அல்லது ‘உயிர்’ வேண்டும். சண்டை இல்லாவிட்டாலும் பலருக்கும் தெரிந்த ‘கேண்டி கிரஷ்’ விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் 5 உயிர்கள். ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்ப 30 நிமிடம் ஆகும். ஐந்தும் போய்விட்டால் முழுவதும் நிரம்ப இரண்டரை மணி நேரம். காத்திருக்கலாம், அல்லது பணம் கொடுக்கலாம்.

ஐந்து உயிரும் நிரம்பிய பிறகு ஆறாவது சேராது. தொட்டி நிரம்பி வழிவதுபோல் ‘வீணாகிறதே’ என்று மனம் துடிக்கும். அதே நேரத்தில் கைப்பேசியும் மணியடித்து அழைக்கும். இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழுந்தவர், “ஆற்றல் நிரம்பியிருக்கும், ஒரே ஓர் ஆட்டம்” என்று உட்கார்ந்துவிடுவது இப்படித்தான். வழிவது உண்மையான தண்ணீர் இல்லை. அதில் உங்களுக்கு எந்த நட்டமும் கிடையாது. விளையாட்டின் அறிவிப்புகளை அமைப்புகளில் போய் நிறுத்திவிடுங்கள்.

இந்தக் காத்திருப்பை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். உயிர் தீர்ந்தால் எழுந்து நிற்க வேண்டிய நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடியுங்கள், மருந்து வேளை தப்பவில்லையா என்று பாருங்கள், புளோக்கைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது மூத்தோருக்கும் பொருந்தும். உட்கார்ந்தபடி கற்களை நகர்த்துவது அந்தக் கணக்கில் சேராது. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதால், கண் எரிச்சல் உள்ளவர்களுக்கு இந்த இடைவேளை இன்னும் முக்கியம்.

வைரக் கற்களும் வெள்ளியும்

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. வைரம், மந்திரக் கல், தங்கக் கட்டி என்று பெயர் எதுவானாலும், அது பணம் கொடுத்து வாங்கக்கூடியது. தினமும் கொஞ்சம் இலவசமாகவும் தருவார்கள். கையில் கொஞ்சம் இருக்கும்போதுதான் இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 கற்கள் 6 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற சண்டையைத் தொடர 75 கற்கள். திரையில் “75” என்றுதான் இருக்கும், “90 காசு” என்று இருக்காது. ஆறு முறை தொடர்ந்தால் 450 கற்கள் தீரும். மீதி 50. ஏழாவது முறைக்கு அது போதாது, வீசவும் மனம் வராது. மறுபடி ஒரு கட்டு வாங்கத் தோன்றும். எதிரிக்கு இன்னும் ஒரே அடிதான் பாக்கி என்ற நேரத்தில் ‘தொடரவா?’ என்ற கேள்வி வந்தால், நிதானமாகக் கணக்குப் போடுகிறவர்கள் குறைவு.

கற்களைக் கொடுத்துப் புதிய வீரரை ‘அழைப்பது’ இன்னொரு செலவு. இதற்கு ‘காச்சா’ என்று பெயர். காசு போட்டுத் திருகினால் பொம்மை உருண்டை விழும் ஜப்பானிய இயந்திரத்திலிருந்து வந்த சொல். நம் கடைத்தொகுதிகளிலும் அந்த இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். யார் வருவார் என்பது முன்கூட்டித் தெரியாது. அரிய வீரர் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், நூறு முறை இழுத்தால் நிச்சயம் வருவார் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை இழுத்தால், ஏறக்குறைய 37 பேருக்கு அந்த வீரர் ஒருமுறைகூட வந்திருக்க மாட்டார். முந்தைய இழுப்புகள் அடுத்ததன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை, விளையாட்டு அப்படி ஓர் உத்தரவாதத்தை எழுதிவைத்திருந்தால் தவிர. 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஆப்பிள் நிறுவனம் தன் கடையில் உள்ள விளையாட்டுகள் இந்த வாய்ப்பு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறது. எழுத்து சிறியதாக இருந்தால் பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த விளையாட்டுகள் முதுமை மறதி நோயைத் தடுக்கும் என்று விளம்பரம் சொன்னால், அதற்காகப் பணம் கட்ட வேண்டாம். அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆடி ஆடிக் கைதேர்வது பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான்.

வாங்கும் ஒவ்வொரு முறையும் மறைச்சொல் கேட்கும்படி கைப்பேசியை அமைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கடன்பற்று அட்டையைக் கணக்கோடு இணைப்பதைவிட, மாதம் இவ்வளவுதான் என்று முடிவுசெய்து அந்தத் தொகைக்கு ஓர் அன்பளிப்பு அட்டை வாங்குவது நல்லது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். தெரியாமல் தட்டி வாங்கிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். செயலிக் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி உண்டு, அன்றே கேட்பது நல்லது.

செலவை வீட்டாரிடம் மறைக்கிறீர்கள், அல்லது ஆட்டத்துக்காக உணவையும் தூக்கத்தையும் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் சொல்லுங்கள். கட்டுப்பாடற்ற விளையாட்டுப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது, அதனால் மருத்துவருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. சூதாட்டம்போல் இழுத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால், பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. உங்களுக்காக உங்கள் மகனோ மகளோகூட அழைக்கலாம்.