உறையும் பூட்டும்

2018 மார்ச்சில் திகன வன்செயலின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. எங்கட ஆக்கள் எப்படி இருக்காங்களோ என்று எல்லோரும் தவித்த நேரம். மாணவன் ஒருவன் என் கைபேசியை வாங்கி இலவச வீபிஎன் செயலி ஒன்றைப் போட்டுத் தந்தான். "இனி ஒருத்தரும் பார்க்கேலா சேர்" என்றான். நானும் நம்பினேன். தமிழ் படித்த எனக்கு அதன் உள்விடயம் விளங்கப் பிறகு கன காலம் எடுத்தது.

இணையத்தில் நாம் அனுப்பும் எதுவும் சிறுசிறு பொதிகளாகவே செல்கிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் ஐபி முகவரிகளும் இருக்கும். வீபிஎன்னின் அடிப்படையான சுரங்கவழி நெறிமுறை, அந்தப் பொதியை அப்படியே இன்னோர் உறைக்குள் வைத்து, சுரங்கத்தின் மறுமுனை முகவரியை மேலே எழுதுகிறது. இடையிலுள்ள வலையமைப்புகள் மேல்முகவரியைப் பார்த்தே அனுப்புகின்றன. மறுமுனை உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் பொதியை உரிய இடத்துக்கு அனுப்பும். முடக்கப்பட்ட தளத்தின் முகவரி வெளியே தெரியாததால் தடையைத் தாண்ட முடிகிறது.

ஆனால் உறை வேறு, பூட்டு வேறு. 1994இல் வெளியான ஜீஆர்ஈ நெறிமுறை உறையிடுவதோடு சரி, உள்ளிருப்பதை மறைக்காது. விரும்பினால் இடையில் நிற்பவர் எட்டிப் பார்க்கலாம். 1999இல் வந்த எல்டூடீபீயும் தானாக மறைகுறியாக்கம் செய்வதில்லை. அதனால்தான் ஐபிசெக் என்ற பூட்டோடு சேர்த்து அதனைப் பயன்படுத்துவார்கள்.

பூட்டு இருந்தாலும் இன்னொரு கேள்வி உண்டு. மறுமுனையில் உறையைப் பிரிப்பவர் யார்? முன்பு நாம் போகும் தளங்களை இணையச் சேவை வழங்குநர் பார்த்தார்; இப்போது அந்த இடத்தில் வீபிஎன் நடத்துபவர் இருக்கிறார். வட்ஸ்அப் செய்திகளுக்கு 2016 முதல் தனிப்பூட்டு இருப்பதால் நாம் எழுதியதை அவர் வாசிக்கேலாது. எங்கே, எப்போது போனோம் என்பது அவருக்குத் தெரியும். பூட்டில்லாத தளமென்றால் எழுதியதும் தெரியும்.

2019 ஏப்ரலில் மீண்டும் முடக்கம் வந்தபோதும் அதே செயலியைத்தான் திறந்தேன். இப்போது பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் விசாரிக்கச் சொல்கிறேன்: பூட்டு இருக்கா? மறுமுனையில யார்? அன்று என் கைபேசியில் போட்ட செயலி யாருடையது என்பது அந்த மாணவனுக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை.