வயலிற் பிறந்த பாடம்

ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, பாடத்திட்டங்கள் பிறந்த கதைகளில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. 1976 பெப்ரவரியில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலே, என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிச்சென்ற சிறு விமானம் வயலில் வீழ்ந்தது. மனைவி மாண்டார், பிள்ளைகள் நால்வருள் மூவர் படுகாயமுற்றனர். சிற்றூர் வைத்தியசாலையிற் கிடைத்த சிகிச்சையிலும், வெறுங்கையோடு வயலில் தாம் செய்ததே மேலென அவர் கண்டார். அந்தத் துயரத்திலிருந்தே பயிற்சித் திட்டமொன்று உருவாயிற்று. 1978இல் ஓபர்ன் நகரில் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி அதனை ஏற்றது.

அது நெடுங்காலம் கற்பித்த வரிசையில் முதலில் மூச்சுவழி, அதுவும் கழுத்தை அசையாமற் காத்து. பின்னர் சுவாசம், குருதியோட்டம், நினைவுநிலை. ஈற்றில் ஆடை களைந்து உடல் முழுவதையும் பார்த்தல். விரைந்து கொல்வதை முதலில் தடுக்கவேண்டும். காயத்தின் பெயரைப் பிறகு ஆராயலாம். சித்தியெய்திய வைத்தியரும் நான்காண்டுக்கொருமுறை மீண்டும் மாணவராய் அமரவேண்டுமென்பது விதி. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.