பரண் மேல் ஒரு ரெயில் நிலையம்

(நமது சீத்தா கேம்ப் நிருபர்)

10 அடிக்கு 15 அடி வீடு. அதில் 6 பேர். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தண்ணீர் டிரம், மேலே பரண். இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு ரெயில் நிலையத்தைக் கொண்டுவந்து வைக்க முடியுமா?

முடியும் என்கிறார்கள், மாதிரி ரெயில் அமைக்கும் அன்பர்கள். 4 அடி நீளம், 1 அடி அகலத்தில் ஒரு பலகை இருந்தால் போதுமாம். அதில் தண்டவாளம் உண்டு, பிளாட்பாரம் உண்டு, குட்ஸ் ஷெட் உண்டு, ஓடும் என்ஜினும் உண்டு. ஓட்டி முடித்ததும் பழைய வேட்டியைப் போட்டு மூடி, பரணில் ஏற்றிவிடலாம்.

"பொம்மை ரெயில்தானே, குழந்தைகள் சமாசாரம்" என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் பொம்மை வேறு, இது வேறு. இதில் சிலீப்பர் கட்டை முதல் தீயணைக்கும் வாளி வரை ஒவ்வொன்றும் உண்மைப் பொருளை அளந்து, கணக்குப் போட்டுச் சிறியதாக்கப்படுகிறது. பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதன் அருமை.

புனேயில் ஒரு குட்டி நகரம்

நமக்கு எட்டும் தூரத்திலேயே இதற்கென ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. புனே கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரெயில்வே மியூசியம்தான் அது. பாவு ஜோஷி என்று அழைக்கப்பட்ட பி.எஸ்.ஜோஷி தமது சொந்த முயற்சியில் உருவாக்கிய இக்கூடம் 1998-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திறக்கப்பட்டது.

ஒரு நகரமே அங்கே மேசை உயரத்தில் படுத்திருக்கிறது. நீராவி என்ஜின் ஓடுகிறது, அதிவேக ரெயில் ஓடுகிறது, மலையில் ரோப்வே போகிறது, சர்க்கஸ் கூடாரம்கூட இருக்கிறது. 60-க்கும் மேற்பட்ட சிக்னல்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது. காட்சியின் நடுவே கூடத்தின் விளக்குகள் மங்குகின்றன. குட்டி நகரத்தில் இரவு வந்து தெருவிளக்குகள் எரிகின்றன. அந்த நேரத்தில் பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். காலை வண்டியில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். காட்சி நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

உலகில் இதைவிடப் பெரிய அமைப்புகள் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர்கள் இருவர் 2001-ல் திறந்த காட்சிக்கூடத்தில் இப்போது தண்டவாளம் மட்டும் சுமார் 16 கிலோ மீட்டர் நீளம்!

இருந்தாலும் எனக்கு ஒரு குறை. புனேயில் ஓடுபவை பெரும்பாலும் வெளிநாட்டு வண்டிகளின் மாதிரிகள். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் நெல்லைச் சீமையிலிருந்து ரெயிலேறி வந்த நம்மவர் கண் அங்கே தேடுவது வேறு.

87-ல் ஒரு பங்கு

உலகில் அதிகம் புழங்கும் மாதிரி அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். உண்மைப் பொருளில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் 2 சென்டி மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக இருப்பார். நமது ஐ.சி.எப். பெட்டி 24 சென்டி மீட்டருக்குச் சற்று அதிகம் வரும்.

இதில் இந்தியர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லி மீட்டர். ஐரோப்பிய ரெயில் பாதையின் 1,435 மில்லி மீட்டரை 87-ஆல் வகுத்தால் அது கச்சிதமாக வரும். நம் நாட்டு அகலப் பாதை 1,676 மில்லி மீட்டர் ஆயிற்றே! அதை வகுத்தால் 19 மில்லி மீட்டருக்கு மேல் வருகிறது. ஆகவே இந்தியப் பெட்டியை அந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால், குட்டையான காலில் பெரிய உடம்பு நிற்பது போலத் தெரிகிறது. இதற்கு ஒரு வழி, பெட்டிகளை 100-ல் ஒரு பங்காகச் செய்துகொள்வது. அப்போது அகலப் பாதை 16.76 மில்லி மீட்டர். அதே தண்டவாளம் ஏறக்குறைய சரியாகிவிடும்.

மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1,000 மில்லி மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. 12 மில்லி மீட்டர் தண்டவாளம் இதற்கென்றே வெளிநாடுகளில் விற்கிறது. இன்னும் சிறியதாக வேண்டுமென்றால் 9 மில்லி மீட்டர் தண்டவாளத்தில் 110-ல் ஒரு பங்கு அளவில் செய்யலாம்.

அளவு சரி, இடம்? நமது 12 பெட்டி லோக்கல் ரெயில் சுமார் 250 மீட்டர் நீளம். எச்.ஓ. அளவில் அதுவே ஏறத்தாழ ஒன்பதரை அடி. சுவருக்குச் சுவர் முட்டிவிடும்! பழைய பாம்பன் பாலத்தை முழுதாகச் செய்ய 23 மீட்டருக்கு மேல் வேண்டும். தெருவையே அடைக்க வேண்டியதுதான். எனவே அனுபவசாலிகள் முழுதாக எதையும் செய்வதில்லை. பெரிய ஜங்ஷனை விட்டுவிட்டுச் சின்ன ஊர் நிலையத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 12 பெட்டிக்குப் பதில் 3 பெட்டி. பாலத்தில் ஒரே ஒரு கண்.

8 வேகன், 6,720 வழி

4 அடிப் பலகையில் ரெயில் எங்கே ஓடும், ஓடத் தொடங்கும் முன்பே நின்றுவிடுமே என்று கேட்கலாம். இதற்கு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் ஓர் அருமையான விடை சொன்னார். வண்டி எங்கும் போக வேண்டாம். ஷண்டிங் செய்தால் போதும்!

ஒரு பாதை மூன்றாகப் பிரிகிறது. ஒன்றில் 5 வேகன் நிற்கும். மற்ற இரண்டிலும் மும்மூன்று. பிரியும் இடத்துக்கு முன்னால் என்ஜினும் 3 வேகனும் நிற்க மட்டும் இடம். மொத்தம் 8 வேகன்கள். 8 சீட்டு எழுதிக் குலுக்கி 5 சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த வரிசைப்படி அந்த 5 வேகன்களையும் கோத்து வண்டி அமைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் 8-ல் 5 என்றால் வரிசைகள் 6,720. குட்ஸ் யார்டில் இரவு டூட்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வேகனை வெளியே எடுக்க ஏழு வேகனை நகர்த்தும் கஷ்டம் அவர்கள் அறிந்ததே.

மின்சாரமும் எளிது. 12 வோல்ட் டி.சி.; ஷாக் அடிக்கும் பயம் இல்லை. ஒரு தண்டவாளத்தில் பிளஸ், மற்றதில் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் என்ஜின் பின்னால் வரும். (நமது ஹார்பர் லைன் வண்டிகளும் 1925-ல் தொடங்கி 2016 வரை டி.சி.யில்தான் ஓடின, 1,500 வோல்ட்டில்.)

செலவு செய்ய வேண்டியது என்ஜினுக்கும் தண்டவாளத்துக்கும்தான். வெளிநாட்டு என்ஜின் விலை நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு மலைப்பாகவே இருக்கும். பழையது கிடைத்தால் நல்லது. மற்றதெல்லாம் நம் தெருவிலேயே கிடக்கிறது.

டீத்தூளும் தாமிரக் கம்பியும்

உண்மையான பாதையில் போடும் ஜல்லி அதிகபட்சம் 65 மில்லி மீட்டர். 87-ல் வகுத்தால் முக்கால் மில்லி மீட்டர். டீ வடிகட்டியில் சலித்த மணலே ஜல்லியாகிவிடும். அதைப் பாதையில் தூவி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடித்து முடித்த டீத்தூளைக் காயவைத்தால் மண் தரை. செங்கல் பொடி, தேரிக்காட்டுச் செம்மண். டி.வி. பெட்டிக்குள் வரும் தெர்மோகோல் மலையாகும், மேடாகும்.

மரத்துக்குப் பழைய ஒயர். மான்குர்டு மண்டாலா பக்கம் பழைய சாமான் கடைகளுக்கா பஞ்சம்! ரப்பரை உரித்துத் தாமிரக் கம்பிகளை முறுக்கினால் அடிமரம். நுனியைப் பிரித்தால் கிளைகள். பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைப் பசையில் தோய்த்து ஒட்டினால் வேம்பு. உடைமரம் வேண்டுமென்றால் தலையைக் குடை போலத் தட்டையாக்க வேண்டும். பனைமரத்துக்குக் கம்பியில் நூலைச் சுற்றிக் கறுப்பும் சாம்பலும் பூசி, விசிறி மடிப்பாக வெட்டிய காகிதத்தை ஓலையாக வைக்க வேண்டும். கீழே இரண்டு காய்ந்த ஓலை தொங்கினால்தான் அது பனை. இல்லாவிட்டால் படத்தில் வரும் பனை!

முக்கியமான விஷயம் அழுக்கு. புதிதாய் மின்னும் எதுவும் ரெயில்வேயில் கிடையாது. தண்டவாளத்தின் மேற்பரப்பு மட்டுமே பளபளக்கும், பக்கவாட்டில் துரு. பாதை நடுவில் எண்ணெய்க் கறை. தண்ணீர்த் தொட்டியில் ஒழுகிய பாசி. பிளாட்பார விளிம்பில் வெற்றிலை எச்சில். இதையெல்லாம் வைக்காத நிலையம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் பொம்மையாகவே நிற்கும்.

கைகாட்டி எப்படி இறங்கும்?

எங்கள் சீத்தா கேம்ப்பில் ஐ.டி.ஐ. படிக்கும் பையன் ஒருவன் இப்படி ஒரு பலகை செய்துவருகிறான். ஊர்ப்பக்கத்து மீட்டர் கேஜ் நிலையம் என்று திட்டம். ஆனால் அவன் பிறந்ததோ மும்பையில். மீட்டர் கேஜைப் பார்த்ததே இல்லை. வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்துக் கைகாட்டி மரம் செய்து வைத்தான். வழி கொடுக்கும்போது கை மேலே தூக்கிற்று.

அதைப் பார்த்தார் ஒரு பெரியவர். தென்காசிப் பக்கம் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்று, மகன் வீட்டுக்கு வந்திருப்பவர்.

"ஏல தம்பி, இது எந்த ஊரு கைகாட்டி? நம்ம பக்கம் கை கீழேல்லா இறங்கும்."

"மேலே தூக்கினா என்ன தாத்தா?"

"கம்பி அந்துட்டுன்னா?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு விளக்கினார். கை படுத்த நிலையில் இருந்தால் நில். சாய்ந்து இறங்கினால் வா. கம்பி அறுந்தாலும் கை தானாக 'நில்' நிலைக்கே திரும்பும்படி எடை கட்டியிருப்பார்கள். அவுட்டர் மரத்தில் அதன் கீழே மீன்வால் போலப் பிளந்த இன்னொரு கை உண்டு. ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கு. விளக்கேற்ற மரத்தில் ஏணி. ஏணி எங்கே என்று அவர் கேட்டபோது பையன் முழித்தான்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெரியவர் சொல்லச் சொல்ல, பையன் நோட்டில் எழுதினான். நிலைய மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. சிவப்பு வாளிகளில் தண்ணீர் இல்லை, மணல். டிரைவர் கையில் மாட்டி எடுக்க வளையத்தில் கட்டிய டோக்கன் பை. பிளாட்பாரம் தாழ்வு, சாமான் மூட்டையோடு ஏற ஒருவர் மேலிருந்து கைகொடுக்க வேண்டும்.

இதில் எதையும் புனேயிலும் வாங்க முடியாது, ஹாம்பர்க்கிலும் வாங்க முடியாது.

இடம் போனால் எல்லாம் போயிற்று

1992-ல் ஒரே அகலப் பாதைத் திட்டம் வந்த பிறகு ஊர்ப்பக்கம் எல்லாம் மாறிற்று. சென்னை கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரெயில் 2004-ல் நின்றது. செங்கோட்டை - புனலூர் மலைப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி 2010 செப்டம்பரில் நின்று, அகலப் பாதையாகி 2018-ல்தான் முழுதாகத் திறந்தது. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரெயில் நின்றது. பக்கத்தில் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் என்று இன்று மிஞ்சியிருப்பது நீலகிரி மலை ரெயில் ஒன்றே.

அகலப் பாதை வந்தது நல்லதுதான். மும்பையிலிருந்து ஊருக்கு நேராகப் போகிறோம். நடுவில் இறங்கி மூட்டையோடு வண்டி மாறிய அவஸ்தை தீர்ந்தது. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பாதை மாறியபோது கைகாட்டியும் போயிற்று, மணித் துண்டும் போயிற்று, பல ஊர்களில் பழைய கட்டடமும் போயிற்று.

ஓர் இடம் சுவடில்லாமல் போவது எப்படி என்று சீத்தா கேம்ப் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருக்கடி நிலை காலத்தில், 1976 மே மாதத்தில், அணுசக்தி நிலையத்தின் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் ஆயிற்றே நம் பெற்றோர். அந்தக் காலனியில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு போட்டோகூட எங்களிடம் கிடையாது. வாசல் எந்தப் பக்கம் என்பதிலேயே அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இன்றும் தகராறு.

ஆகவே பலகை செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கடைக்கு ஓட வேண்டாம்; வீட்டில் உள்ள பெரியவர்களிடம் உட்காருங்கள். பழைய கல்யாண ஆல்பத்தில், வழியனுப்பிய படத்தில், பின்னால் நிலையம் தெரிகிறதா என்று பாருங்கள். படத்தில் நிற்கும் ஆளின் உயரம் தெரிந்தால், கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றின் அளவையும் அதிலிருந்தே எடுக்கலாம். அடுத்த தடவை லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் கொண்டுபோங்கள். பழைய குட்ஸ் ஷெட் நின்றால் அனுமதி கேட்டு அளந்துகொள்ளுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்.

நம் ஐ.டி.ஐ. பையனின் பலகையில் கைகாட்டி இப்போது ஒழுங்காகக் கீழே இறங்குகிறது; ஏணியும் வந்துவிட்டது. பெயர்ப் பலகைக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கிறான், எழுத்து மட்டும் பாக்கி. கேங்மேன் பெரியவர் பாவூர்சத்திரம் என்கிறார். எதிர் வீட்டு மாமா நாசரேத் என்கிறார். காயல்பட்டினம் என்று எழுதினால் என்ஜினுக்கே பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் முனைக் கடை பாய். பையனுடைய ஆச்சியோ, பெயர் எதுவானாலும் பிளாட்பாரத்தில் புளியமரம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.