ராணிகளை எண்ணும் சோதனை

ஒரு பூச்சிக்கொல்லி தேனீக்களுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிய ஆய்வகங்களில் ஒரு வழக்கமான சோதனை உண்டு. தேனீக்களுக்கு மருந்தை அளந்து கொடுத்து, 48 மணி நேரம், தேவைப்பட்டால் 96 மணி நேரம் காத்திருந்து, செத்தவற்றை எண்ணுவார்கள். எந்த அளவில் சரிபாதி சாகின்றனவோ, அதுவே நச்சின் அளவுகோல். பம்பிள் தேனீக்களுக்காக ஓ.இ.சி.டி. எனும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2017-இல் வெளியிட்ட இரண்டு சோதனை நெறிமுறைகளும் இந்த வகைதான்.

வயலில் நடப்பதோ வேறு. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியைக் கொண்டு விதை நேர்த்தி செய்தால், மருந்து செடியின் சாற்றோடு ஏறிப் பூவரை போய்ச் சேர்கிறது. பூந்தேனிலும் மகரந்தத்திலும் அது இருப்பது நூறு கோடியில் சில பங்குதான். அதைத் தின்ற தேனீ அன்றே சாவதில்லை. ஆனால் பூப்பருவம் முழுக்க அதையே தின்கிறது, புழுக்களுக்கும் ஊட்டுகிறது.

பெரும்பாலும் குளிர்நாடுகளில் வாழும், உடலெங்கும் ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீக்கு இது ஏன் பெரிய ஆபத்து? தேன் பெட்டிகளில் வளரும் தேனீக் கூட்டத்தில் பல்லாயிரம் பணித் தேனீக்கள் இருக்கும். கொஞ்சம் இழந்தாலும் ஈடுகட்டிக்கொள்ளும். பம்பிள் தேனீக் கூட்டில் இருப்பவை சில நூறுதான். வசந்தத்தில் ஒற்றை ராணி தொடங்கும் கூடு, குளிர்காலத்துக்குள் முற்றாக அழிந்துவிடும். கடைசியில் பிறக்கும் இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கி, மறு வசந்தத்தில் புதுக் கூடு கட்டும். ராணிகள் பிறக்காவிட்டால் அந்தக் கூடு அவ்வளவு நாள் உழைத்ததெல்லாம் வீண்.

இதைத்தான் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 75 கூடுகளை மூன்று பிரிவாக்கி, இரண்டு பிரிவுகளுக்கு வயலில் காணப்படும் இரு வேறு அளவுகளில் இமிடாகுளோபிரிட் கலந்த உணவை இரண்டு வாரம் கொடுத்தார்கள். பிறகு எல்லாக் கூடுகளையும் ஆறு வாரம் திறந்தவெளியில் வைத்தார்கள். மருந்து தின்ற கூடுகளின் எடை 8 முதல் 12 சதவீதம்தான் குறைந்திருந்தது. ராணிகளை எண்ணியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மருந்து தொடாத கூடுகளில் சராசரியாக 13.7 புது ராணிகள். குறைந்த அளவு மருந்து தின்றவற்றில் வெறும் 2. அதாவது 85 சதவீதம் சரிவு. 2012-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவு வெளியானது.

இவ்வளவு பெரிய சோதனையை ஒவ்வொரு மருந்துக்கும் நடத்துவது கடினம் என்பதால் ஆய்வாளர்கள் ஒரு குறுக்கு வழியும் வைத்திருக்கிறார்கள். ராணி இல்லாமல் நான்கைந்து பணித் தேனீக்களைப் பெட்டியில் விட்டால், ஒன்று தலைமை ஏற்று முட்டையிடும். கருவுறாத முட்டைகள் என்பதால் ஆண்களே பிறக்கும். சில வாரங்களிலேயே இனப்பெருக்கம் குறைகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் புது ராணிகளைப் பற்றி இந்தப் பெட்டி எதுவும் சொல்லாது.

ஆய்வகத்தில் ஊட்டியது வயலுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு பதில் தந்தது. குளோதியானிடின் உள்ள மருந்தால் விதை நேர்த்தி செய்த ரேப்சீட் எண்ணெய்வித்து வயல்களையும் செய்யாத வயல்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. மருந்திட்ட வயல்களை ஒட்டி வைத்த பம்பிள் தேனீக் கூடுகள் சரியாக வளரவில்லை. தேன் பெட்டிகளில் வளரும் தேனீக்களிடமோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஓர் இனத்தைச் சோதித்து இன்னோர் இனத்துக்குச் சான்றிதழ் தரக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமீதாக்சாம் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. அதே ஆண்டு, இவற்றுக்கு மாற்றாகப் பேசப்பட்ட சல்ஃபாக்சாஃப்ளோரும் பம்பிள் தேனீக்களின் இனப்பெருக்கத்தைப் பாதியாகக் குறைப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் பசுமைக்குடிலுக்குள் முடக்கியது.

சந்தைக்கு விட்டபின் தடை செய்வது என்ற இந்தச் சுழற்சி முடிய வேண்டும். அனுமதி கேட்கும் மருந்தை, கூடு தொடங்கும் நாள் முதல் ராணிகள் பிறக்கும் நாள் வரை சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, இழந்த ஓர் இனத்தை மீட்க ஆகும் செலவைவிட நிச்சயம் குறைவு.