மறதியா, காது மந்தமா?

“சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்று முதியோர் பலர் எங்களிடம் கூறுவதுண்டு. மெய்யொலிகள் மங்குவதால் ‘பால்’, ‘கால்’ இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலைய இரைச்சலில் சொல்லவே வேண்டா. விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்ப முயல்வதால், கேட்டதை நினைவில் இருத்தும் ஆற்றல் குறைகிறது. மாலைக்குள் களைப்பும் மிகுகிறது. வீட்டாரோ மறதி என்று எண்ணிவிடுகின்றனர். நினைவாற்றலைச் சோதிக்கும்போது செவியையும் சோதித்தல் வேண்டும்.

2023இல் வெளியான ‘அச்சீவ்’ என்னும் அமெரிக்க ஆய்வில், காது கேட்கும் கருவியும் ஆலோசனையும் பெற்ற முதியோர் அனைவரையும் சேர்த்து நோக்கியபோது மூன்றாண்டுகளில் பயன் தெளிவாகத் தெரியவில்லை. சிந்தனைத் திறன் குன்றும் வாய்ப்பு மிகுந்தோரிடம் மட்டும் அக்குறைவு 48 விழுக்காடு மட்டுப்பட்டது. கருவி பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பேசுவோர் தொலைக்காட்சியை நிறுத்தி, முகம் பார்த்து நிதானமாகப் பேசுக. கத்தினால் சொல் மேலும் சிதையும்.