மனச்சோர்வும் மின்சாரமும்

மருந்தால் தணியாத கடும் மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் சிகிச்சைகளுள் மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கும் முறை முக்கியமானது. உணவையும் நீரையும் மறுத்து, உயிர்வாழ்வதையே வெறுத்த நோயாளிகள் பலரை அது மீட்டிருக்கிறது. எனினும், மூளையில் மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கு ஆபத்து நேராதா என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு முதல் விடை விலங்குகளிடமிருந்து கிடைத்தது.

இறைச்சிக் கூடத்தில் கிடைத்த விடை

வலிப்பு மனநோயைத் தணிக்கும் என்று கருதிய ஹங்கேரி நாட்டு மருத்துவர் மெதுனா, 1934-ஆம் ஆண்டில் நோயாளிகளுக்குக் கற்பூரத்தை ஊசி மூலம் செலுத்தி வலிப்பை உண்டாக்கினார். இதற்கு மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என எண்ணியவர் இத்தாலியப் பேராசிரியர் உகோ செர்லெட்டி. அவர் முன்னரே நாய்களுக்கு மின்சாரம் செலுத்தி வலிப்பைப் பற்றி ஆராய்ந்தவர். மின்முனைகளுள் ஒன்று வாயிலும் மற்றொன்று குதத்திலும் வைக்கப்பட்டமையால், மின்சாரம் இதயத்தின் வழியே பாய்ந்தது. நாய்கள் பல மாண்டன. இக்குறையை உணர்ந்த அவருடைய உதவியாளர் லூச்சியோ பீனி, இரு முனைகளையும் நெற்றிப்பொட்டுகளில் வைக்கும் முறையைக் கையாண்டார்.

அந்நாளில் ரோம் நகர இறைச்சிக் கூடத்தில், பன்றிகளை அறுக்குமுன் தலையில் மின் இடுக்கியைப் பொருத்தி அவற்றை உணர்விழக்கச் செய்தனர். அறுக்காமல் விடப்பட்ட பன்றிகள் சில நிமிடங்களில் எழுந்து நடந்தன. தலையின் குறுக்கே சிறிது நேரம் பாயும் மின்சாரம் அவற்றைக் கொல்லவில்லை என்பது தெளிவாயிற்று. 1938 ஏப்ரலில் ரோமில் முதன்முறையாக ஒரு மனிதருக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர் மனச்சிதைவு நோயாளி. மனச்சோர்வுக்கு இது பெரும்பயன் தரும் என்பது பின்னரே புலனாயிற்று.

எலிகள் காட்டும் மாற்றம்

சிகிச்சையின்போது மூளையில் நிகழ்வது யாது? எலிகளுக்குப் பன்முறை மின்வலிப்பு உண்டாக்கியபோது, நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் மிகுதியாகத் தோன்றின என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. சுழல் சக்கரத்தில் விருப்பம்போல் ஓடிய சுண்டெலிகளிடமும் இதே மாற்றம் 1999-இல் காணப்பட்டது. எனினும், நோய் தணிவதற்கு இப்புதிய அணுக்களே காரணம் என்று இதனால் உறுதி கூற இயலாது.

எலி கூறாதவை

1977-இல் போர்சோல்ட் என்பவர் ஒரு சோதனையை வகுத்தார். வெளியேற வழியில்லாத நீர்க்கலத்தில் விடப்பட்ட எலி சிறிது நேரம் நீந்தியபின் அசைவற்று மிதக்கும். மருந்தோ மின்வலிப்போ பெற்ற எலி அதனினும் நெடுநேரம் முயலும். ஆயினும், அசைவின்மை மனச்சோர்வின் அறிகுறியா, வலிமையைச் சேமிக்கும் வழியா? மருந்து பெற்ற எலியின் நடத்தை ஒரே நாளில் மாறுகிறது. மனிதர் குணமடையவோ பல வாரங்கள் ஆகின்றன. ஆகவே, இச்சோதனை புதிய சிகிச்சைகளைச் சலித்தெடுக்க உதவும் சல்லடையேயன்றி, முடிவான சான்று அன்று.

சிகிச்சையை ஒட்டிய நிகழ்ச்சிகள் சில நினைவிலிருந்து மறைவதை நோயாளியே எடுத்துரைக்க இயலும். தொடக்க காலத்தில் வலிப்பின் வேகத்தால் சிலருக்கு முதுகெலும்பு முறிந்தது. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் வந்தபின் அத்தீங்கு பெரிதும் நீங்கிற்று. அவ்விரண்டுமின்றி இச்சிகிச்சை அளிப்பதை இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. பன்றிகள் உயிர் பிழைத்தமை ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. சிகிச்சையைப் பாதுகாப்பானதாக ஆக்கியது, நோயாளிகளிடம் கண்ட தீங்குகளை மருத்துவர் ஒவ்வொன்றாகக் களைந்தமையே.